ஷாகுல் பார்க்காமல் குடித்த பாட்டில்

செய்தி எனக்குக் கண்ணாடி வழியாக வந்தது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் நாங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவுக்குள் கைத்தொலைபேசி கொண்டுபோகக் கூடாது. தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. காலை எட்டரை இருக்கும். சூப்பர்வைசர் வெளியே நின்று கண்ணாடியைத் தட்டி, ஒரு தாளை விரித்துப் பிடித்தார். ஷாகுல் இறந்துவிட்டார் என்று மலாயில் எழுதியிருந்தது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எங்கள் கட்டடத்தில் மூன்று ஷாகுல்கள் இருக்கிறார்கள். எந்த ஷாகுல் என்று எழுதத் தெரியாதா இந்த ஆளுக்கு? கையை ஆட்டி ‘யாரு?’ என்று கேட்டேன். அவர் என் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

வெளியே வந்து என் லாக்கர் பெட்டியைத் திறந்து தொலைபேசியை எடுத்தால், ஷாகுலின் மகள் சபீனா ஐந்து முறை அழைத்திருந்தாள். கடைசியில் ஒரு குரல் பதிவு. “மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க மாமா. சுபுஹு தொழுதுட்டு வந்து உக்காந்தாங்க. அவ்வளவுதான் மாமா.” மாரடைப்பு. ஐம்பத்தெட்டு வயது. இருபத்து மூன்று வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான்.

அன்று பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் இருக்கும் அவன் வீட்டில், ஆண்கள் எல்லாரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். துக்க வீட்டில் கொஞ்ச நேரம் கழித்து யாராவது போனவரின் கதையை எடுப்பார்கள் இல்லையா, அப்படி எடுத்தார்கள். ஷாகுலைப் பற்றி இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்றுதான்.

“எல்லாத்தையும் ரெண்டு தடவ பாக்குற மனுஷன்லா. அவரு போய், நோன்பு தொறக்கறேன்னு காடி எஞ்சினுக்கு ஊத்துற கூலண்ட எடுத்துக் குடிச்சிட்டாரு பாரு!”

அழுத கண்ணோடு சிரித்தார்கள். “ரோஸ் சிரப் தண்ணியும் செகப்பு, கூலண்டும் செகப்பு. தானே பாட்டில்ல ஊத்தி வெச்சு, தானே மறந்துட்டாரு” என்றார் இன்னொருவர். ‘கூலண்ட் ஷாகுல்’ என்று தொழிற்சாலையில் பட்டப்பெயரே உண்டு. இதைப் படிக்கும் தொழிற்சாலைக்காரர்களே, உங்களில் பாதிப் பேர் அப்படித்தான் அவனைக் கூப்பிட்டீர்கள். நான் மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். துக்கம் என்று நினைத்திருப்பீர்கள். துக்கம்தான். ஆனால் அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பாட்டிலில் கூலண்டை ஊற்றி வைத்தவன் ஷாகுல் இல்லை. நான். எட்டு வருஷமாக அதை நான் சொல்லவில்லை. இதை நான் எழுதுவதே அதற்காகத்தான்.

முதலில் அந்தக் காடியை, அதாவது ஷாகுலின் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தொன்பது வயதில், பேரன் பேத்தி எடுக்க வேண்டிய நேரத்தில், ஷாகுல் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி. இரண்டே ஆள் உட்காரலாம். தரையைத் தடவுகிற உயரம். எஞ்சின் முன்னால் இல்லை, நம் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருக்கும். “என்னலா இது, வயசான காலத்துல ஆட்டமா?” என்று கேட்டேன். “ஆட்டம் இல்லலா பாலா. இத்தன வருஷமா அடுத்தவன் செஞ்சதுல ஓட்டை தேடியே கண்ணு போச்சு. எனக்குப் புடிச்ச ஒன்ன நான் பாக்கணும்” என்றான். அவன் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே ஆசை அது. மைமூன், அவன் மனைவி, ஒரே ஒரு தடவை அதில் ஏறினாள். இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “இதுக்கு நான் மார்க்கெட்டு வண்டியிலயே போய்க்கிறேன்” என்று சொல்லிவிட்டாள்.

ஒரு டுரியான் காலத்தில் நாங்கள் இருவரும் அந்தக் காடியில் பாலிக் புலாவ் மலைப்பாதையில் ஏறினோம். பாதி மலையில் சூட்டைக் காட்டும் ஊசி மேலே ஏறத் தொடங்கியது. ஷாகுல் பதறவில்லை. ஏர்கோனை அணைத்தான். ஹீட்டரை முழுசாகத் திருப்பினான். பினாங்கில், உச்சி வெயிலில், ஹீட்டர்! “டேய், பைத்தியமா உனக்கு?” என்று கத்தினேன். “எஞ்சின் சூட்ட இது கொஞ்சம் உள்ள இழுத்துக்கும்லா. எஞ்சின் வேகறதுக்கு நாம வேகலாம்” என்றான். கண்ணாடியை இறக்கிவிட்டு, இட்டிலிச் சட்டியில் உட்கார்ந்த மாதிரி இருவரும் வியர்த்து ஒழுகினோம். ஓரங்கட்ட இடம் கிடைத்ததும் எஞ்சினை நிறுத்தினான்.

நான் இறங்கிய வேகத்தில் பின்மூடியைத் தூக்கி, கூலண்ட் மூடியில் கையை வைத்தேன். பட்டென்று என் கையைத் தட்டிவிட்டான். நல்ல அடி. “சூடா இருக்கறப்போ தொறந்தா மூஞ்சி வெந்துரும். மொதல்ல பாரு, அப்புறம் தொடு.” முக்கால் மணி நேரம் சும்மா உட்கார வைத்தான். நான் பொருமிக்கொண்டே இருந்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். “இந்தக் காடியும் நீயும் ஒன்னுதான் பாலா. சூடா இருக்கறப்போ கிட்ட வரவே கூடாது. ஆறட்டும்னு விட்டா தங்கம்.” ஆறிய பிறகு மூடி மேல் துணியைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திறந்தான். உள்ளே கூலண்ட் பாதிக்கு மேல் இல்லை.

“பைப்புத் தண்ணி ஊத்துனா போச்சு. கூலண்டுங்கறது பனி பெய்யற நாட்டுக்காரனுக்குலா” என்றேன். என் அப்பா காலத்திலிருந்து நாங்கள் அப்படித்தான். உங்களிலும் பலர் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் தண்ணீர் உறையப் போகிறதா என்ன? ஷாகுல் பொறுமையாகச் சொன்னான். கூலண்ட் உறையாமல் இருக்க மட்டும் இல்லை, சீக்கிரம் கொதித்துவிடாமல் இருக்கவும், உள்ளே துருவும் அரிப்பும் வராமல் இருக்கவும்தான். அன்றைக்கு வேறு வழியில்லாமல் குடிக்கிற தண்ணீரை ஊற்றி மெதுவாக இறங்கினோம். மறுநாளே அதை வடித்துவிட்டு, சரியான சிவப்புக் கூலண்டை சுத்திகரித்த தண்ணீரில் அளந்து கலந்து ஊற்றினான். எல்லாரும் வாசலைக் கூட்டுகிற நேரத்தில் அவன் டார்ச்சும் கையுமாகக் கூலண்ட் அளவைப் பார்த்துக்கொண்டிருப்பான். ‘எஞ்சின் குளுந்து கெடக்கறப்போதான் உண்மையச் சொல்லும்’ என்பான்.

அப்படிப் பார்த்ததில்தான் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது தெரிந்தது. அந்தக் காடியில் ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். இரண்டுக்கும் நடுவே வயிற்றுக்கு அடியில் நீளக் குழாய்கள் ஓடும். அதில் ஒரு மூட்டில் ரோஜா நிறத்தில் உப்புப் படிந்த மாதிரி ஒரு தடம். “இங்கதான் அழுவுது” என்றான். ஜெலுத்தோங் பட்டறைக்காரர் புதுக் குழாய்க்கு ஜப்பானுக்குச் சொல்லிவிட்டார். வருவதற்கு மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் கலந்த கூலண்டைக் காடியிலேயே வைத்திருந்து, குறையக் குறைய ஊற்ற வேண்டும். அது நோன்பு மாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அவன் வீட்டு முன்னால் இருவரும் கூலண்ட் கலந்தோம். மீதியைப் பெரிய டப்பாவில் ஊற்றினோம். ஷாகுல் அசர் தொழப் போய்விட்டான். டப்பாவைக் காடியில் வைக்கலாம் என்று நான் பார்த்தால், அந்தச் சனியன் பிடித்த காடியில் இடம் எங்கே? சீட்டுக்குப் பின்னால் போகவில்லை. முன்பெட்டியில் உபரி டயர். காலடியில் வைத்தால் உருளுகிறது. எனக்குத்தான் பொறுமை கிடையாதே. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாட்டில் ஒன்று கண்ணில் பட்டது. ரமலான் பாசாரில் சிரப் தண்ணீர் விற்கிறார்களே, அந்த பிளாஸ்டிக் பாட்டில். அதில் கூலண்டை ஊற்றி, இறுக்கி மூடி, இரண்டு சீட்டுக்கும் நடுவே செருகினேன். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. ஷாகுல் வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் ஒரு தொலைபேசி வந்தது, அதில் யாருடனோ சண்டை, அந்தச் சூட்டிலேயே வீட்டுக்குப் போய்விட்டேன். சொல்லவில்லை.

மறுநாள் மாலை வேலை முடிந்து ஷாகுல் தனியாகத் திரும்பும்போது நெடுஞ்சாலையில் நல்ல மழை, நல்ல ஜேம். வீடு போய்ச் சேருவதற்குள் வானொலியில் பாங்கு சொல்லிவிட்டார்கள். ஷாகுல் சட்டைப்பையில் இருந்த பேரீச்சம்பழத்தைத் தின்றான். பக்கத்தில் சிவப்பாக ஒரு பாட்டில். திறந்து குடித்தான். கூலண்ட் இனிக்கும், அதுதான் அதன் துரோகம். முதல் மடக்கு உள்ளே போய்விட்டது. இரண்டாவதில் நாக்கு சந்தேகப்பட்டது. துப்பிவிட்டு, நேராக மருத்துவமனைக்குத் திருப்பினான். சிறுநீரகத்தைத் தின்றுவிடும் விஷம் அது. இரண்டு நாள் படுக்க வைத்து, இரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள்.

செய்தி கேட்டு நான் ஓடினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைத் தயார் செய்துகொண்டு ஓடினேன். கட்டில் பக்கத்தில் மைமூன் நின்று அழுதுகொண்டே கேட்டாள். “யாருங்க அதப் பாட்டில்ல ஊத்துனது? குடிக்கிற பாட்டில்ல வெஷத்த ஊத்தி வெப்பாங்களா? அவன் கை வெளங்குமா?” நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஷாகுல் சொன்னான். “நான்தான் மைமூன். எடம் பத்தலன்னு ஊத்தி வெச்சேன். மறந்துட்டேன்.” சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான்.

அவள் வெளியே போனதும், “ஏன்டா?” என்றேன். அவன் சொன்னது இது: “அவளுக்குத் தெரிஞ்சா உன்ன வாசப்படி ஏத்த மாட்டா. நீ எங்கலா போய்ச் சாப்புடுவ?”

இதை விளக்கித்தான் ஆக வேண்டும். என் மனைவி இறந்த பிறகு எனக்குச் சோறு என்றால் மைமூன் வீட்டுச் சோறுதான். வெள்ளிக்கிழமை பகல், ஞாயிறு இரவு, நோன்பு மாதத்தில் தினமும் கஞ்சி. அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிட்டு, ‘இன்னும் ஒரு கை போட்டுக்குங்க’ என்று பரிமாறுகிற வீடு எனக்கு அது ஒன்றுதான் இருந்தது. அதை இழக்கப் பயந்தேன். அவ்வளவுதான் காரணம், பெரிதாக வேறொன்றும் இல்லை. அந்த வருஷம் தொழிற்சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில், ‘குடிநீர் பாட்டிலில் ரசாயனம் ஊற்றாதீர்கள்’ என்று எழுந்து பேசியவனும் நான்தான். வெட்கங்கெட்டவன்!

அடுத்த எட்டு நோன்பும் ஷாகுல் ஏச்சு வாங்கினான். நோன்பு திறக்க உட்கார்ந்து, சிரப் ஜாடி மேசைக்கு வந்ததும் மைமூன் ஆரம்பிப்பாள். “எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பாப்பாங்க. மீன் வாங்கினாலும் செதில எண்ணுவாங்க. வாயில ஊத்துறத மட்டும் பாக்க மாட்டாங்க. அன்னிக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிருந்தா நானும் புள்ளையும் எங்க போறது?” ஷாகுல் பேரீச்சம்பழத்தை மென்றபடி தலையை ஆட்டுவான். ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசவில்லை. எதிரே உட்கார்ந்து நான் கஞ்சி குடிப்பேன். ஒவ்வொரு வருஷமும் அவளுக்கு அந்தக் கேள்வி ஆறவே இல்லை: பார்க்காமல் எதையும் தொடாத மனுஷன், அதை மட்டும் ஏன் பார்க்கவில்லை?

பதில் எனக்குத் தெரியும். மருத்துவமனையில் இரண்டாம் நாள் அவனே சொன்னான். அதைச் சொன்னால் ஊற்றியது யார் என்பதும் வெளியே வந்துவிடும். அதனால் அவனும் சொல்லவில்லை, என்னையும் சொல்லவிடவில்லை. ‘அப்புறம் பாத்துக்கலாம்லா’ என்பான். அப்புறம் என்று ஒன்று இருக்கும் என்று இருவரும் நினைத்திருந்தோம்.

அவன் சாவுக்கும் அந்தக் கூலண்டுக்கும் தொடர்பு இருக்குமோ என்று நான் டாக்டரிடம் போய்க் கேட்டேன். இல்லவே இல்லை, இது இதயம், அது எப்போதோ முடிந்த கதை என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஏழாம் நாள் குர்ஆன் ஓதும் கத்தம் முடிந்த மறுநாள் காலை, ஷாகுலின் வீட்டுக்குப் போனேன்.

மைமூன் இப்போது இத்தாவில் இருக்கிறாள். கணவன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் முன் வரமாட்டார்கள். எத்தனை வருஷம் கஞ்சி குடித்தாலும் நான் அந்நிய ஆண்தான். முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு திரை. இந்தப் பக்கம் நானும் சபீனாவும். அந்தப் பக்கம் அவள். முகம் தெரியாததால்தான் என்னால் பேச முடிந்தது என்று இப்போது தோன்றுகிறது.

“மைமூன், அந்தப் பாட்டில்ல ஊத்துனது ஷாகுல் இல்ல. நான்.”

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தொடங்கி, மணிக்கட்டை அழுத்தியதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். சபீனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, என்னவென்று தெரியவில்லை. நான் கோபக்காரன், மற்றவர்கள் கோபத்தைத் தாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. உட்கார்ந்திருந்தேன்.

திரைக்குப் பின்னாலிருந்து மைமூன் குரல் வந்தது. ஏச்சு வரும் என்று பார்த்தால், அந்தப் பழைய கேள்விதான் வந்தது. “அண்ணே, யாரு ஊத்துனா என்னா, அவுங்க பாத்திருக்கணுமே. எல்லாத்தையும் பாப்பாங்களே. அத மட்டும் ஏன் பாக்கல?”

“நீ வெச்சதுன்னு நெனச்சான் மைமூன்” என்றேன். “வழியில பாங்கு சொல்லிட்டா குடிக்கட்டும்னு நீ சிரப் கலந்து வெச்சிருக்கன்னு நெனச்சானாம். ‘மைமூன் குடுத்தத நான் என்னிக்குலா பாத்துக் குடிச்சேன்?’னு என்கிட்ட கேட்டான்.”

திரைக்குப் பின்னால் அவள் அழத் தொடங்கினாள். சபீனா எழுந்து உள்ளே ஓடினாள். நான் அந்த முன்னறையில் தனியாக உட்கார்ந்து, ஷாகுல் செத்த பிறகு முதல்தடவையாக வாய்விட்டு அழுதேன்.

“எட்டு நோன்பு” என்றாள் மைமூன் உள்ளிருந்து. “எட்டு நோன்பும் ஏசுனேனே. ஒரு வார்த்த சொல்லலையே அவுங்க. நீங்க சொல்லியிருக்கலாமேண்ணே. அவுங்க இருக்கறப்போ சொல்லியிருந்தா, நான் ஒரே ஒரு தடவயாவது நல்ல வார்த்த சொல்லியிருப்பேனே.”

பிறகு அவள் சொன்னாள், “இப்போ போங்கண்ணே. இப்போ என்னால ஒன்னும் பேச முடியல.” வெளியே வந்தேன். அந்த வீட்டுக் கதவு மறுபடி எனக்குத் திறக்குமா என்று தெரியாது. திறக்காவிட்டால் நான் குறைசொல்ல மாட்டேன்.

ஷாகுலிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்வது? காடியைச் சபீனா வைத்துக்கொள்ளட்டும், தினமும் காலையில் கூலண்டைப் பார்க்க அவளுக்கும் கற்றுத்தந்திருக்கிறான். நான் வைத்துக்கொள்வது அவன் வாங்கிய ஏச்சை. எட்டு வருஷத்து ஏச்சு, ஒரு சொல் விடாமல் எனக்கு மனப்பாடம். அது முதலிலிருந்தே என்னுடையது. இத்தா முடிந்து, அடுத்த நோன்பு வரும்போது, மைமூன் கூப்பிட்டால் அந்த மேசையில் போய் உட்கார்ந்து என் காதால் வாங்கிக்கொள்வேன். கூப்பிடாவிட்டால் என் வீட்டிலேயே, பாங்கு சொல்லும் நேரத்தில், எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் கதையை நிறுத்த வேண்டாம், சிரிக்கவும் செய்யுங்கள், அவனுக்குப் பிடிக்கும். பெயரை மட்டும் சரியாகச் சொல்லுங்கள். பாட்டிலில் ஊற்றி வைத்து வாயை மூடிக்கொண்டிருந்தவன் தனபாலன். குடித்தவன் ஷாகுல். அவன் கவனம் தவறிக் குடிக்கவில்லை. தன் மனைவி வைத்தது என்று நினைத்துக் குடித்தான்.